பாதை திறந்துவிட்டது, காணி எப்போது?

*ஹந்தானையில் புறப்பட்டு நுவரெலியாவில் முடியும் ‘பெக்கோ’ நடைபாதை உலகத்தையே மலையகத்துக்கு அழைத்து வருகிறது. அந்தப் பாதையை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளோ இன்னும் லயத்துக் காம்பராவில்தான் இருக்கிறார்கள்.*

கண்டிக்கு அருகே, பல்லேகலவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். வடகிழக்கே, பிரித்தானிய நில அளவையாளர்கள் ‘நக்கிள்ஸ்’ என்று பெயரிட்ட தும்பறை மலைத்தொடர். தென்மேற்கே, கண்டி நகரத்துக்கு அப்பால் ஹந்தானை. நடுவில் மகாவலி வளைந்து வளைந்து விக்டோரியா நீர்த்தேக்கத்தில் போய் விழுகிறது. 2010 டிசம்பரில் முதல் டெஸ்ட் போட்டி நடந்த நாள்முதல் இந்த ஊரின் பெயர் கிரிக்கெட் உலகத்துக்குப் பழக்கமாகிவிட்டது. இப்போது இந்தப் பக்கம் வருகிறவர்களில் இன்னொரு கூட்டமும் உண்டு. முதுகில் பை, கையில் ஊன்றுகோல், கணுக்கால்வரை சப்பாத்து. அவர்கள் நடக்க வந்தவர்கள்.

அவர்களைக் கூட்டிவருவது பெக்கோ நடைபாதை. 300 கிலோமீற்றருக்கு மேல் நீளம், 22 கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய ஒரு நாள் நடை. ஹந்தானையில், 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்கு அருகே புறப்படுகிறது. கலஹா, லூல்கந்துர, தவலந்தென்ன, பூண்டுலோயா, வட்டகொடை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று தோட்டம் தோட்டமாகக் கடந்து, ஹப்புத்தளை, எல்லப் பக்கம் சுற்றி, நுவரெலியாவில் முடிகிறது. இலங்கையில் நீண்ட காலம் சுற்றுலாத் துறையில் இருந்த ஸ்பெயின் நாட்டவரான மிகேல் குனாட் இதைக் கற்பனை செய்து, தோட்டம் தோட்டமாக நடந்து வரைபடமாக்கினார். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமும் பணம் கொடுத்தன.

இந்தப் பாதைக்காகப் புதிதாக வெட்டிய நிலம் அநேகமாக எதுவும் இல்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் போட்ட வண்டிப் பாதைகளையும், லயத்துக்கும் ஸ்டோருக்கும் இடையில் தொழிலாளர் கால்பட்டுத் தேய்ந்த குறுக்குகளையும் தேடிப்பிடித்து ஒன்றோடொன்று இணைத்ததுதான் நடந்த வேலை. ஆகவே பெக்கோ பாதையைப் பற்றிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், அந்தப் பழைய பாதைகளைப் போட்டவர்களிடமிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

தெருவில்லாத இராச்சியம்

கண்டி அரசர்கள் அகலமான தெருக்களை விரும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போகக்கூடிய ஒற்றையடிப் பாதையும், அதன் குறுக்கே முட்கதவும், சுற்றிலும் காடும்தான் அவர்களுக்குக் கோட்டை. 1660இல் சிறைப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இந்த மலைநாட்டில் காலம் கழித்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், இந்த முட்கதவுகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 1679இல் அவர் தப்பியதும் நடந்துதான். வடக்கு நோக்கிக் காட்டுவழியே நடந்து, மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அதே மன்னார்க் கரையில் எதிர்த் திசையை நோக்கி ஒரு நடை தொடங்கியது. அதற்கு முன், 1815இல் கண்டி வீழ்ந்தது. ஆளுநர் பான்ஸ் தெருப் போட்டார். மலையைக் குடைந்த அந்த வேலையில் கண்டி நாட்டுக் கிராமத்தவர்கள் இராஜகாரியம் என்ற பெயரில் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1820களில் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டம் திறந்தது. 1840இல் வந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசின் சொத்தாக்கியது. அந்தக் காணியைத் தோட்டக்காரர்கள் மலிவு விலைக்கு வாங்கினார்கள். காணியை இழந்தது சிங்களக் கிராமம். அதைத் தோட்டமாக்க வந்தது தமிழ்க் கூலி. பெக்கோ பாதையில் ஒரே நாளில் தமிழ் லயத்தையும் சிங்களக் கிராமத்தையும் மாறி மாறிக் கடக்கிறவர்கள் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே அறிய வேண்டும்.

தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, கங்காணியின் பின்னால் வடக்கு வீதிவழியே காட்டுக்குள் மாத்தளைவரை நடந்தார்கள். தண்ணீரில்லை, வாந்திபேதி, காட்டு விலங்கு. விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். பிழைத்தவர்கள் மாத்தளையிலிருந்து வத்தேகம, மடுல்கலை, ரங்கல என்று தும்பறை மலைகளில் ஏறினார்கள். பல்லேகல அடங்கிய தும்பறைப் பள்ளத்தாக்கு அந்நாளில் கோப்பிக்கும் பின்னர் கொக்கோவுக்கும் பேர்போன இடம். அபர்டீன்ஷயரில் பிறந்து, ஜமெய்க்காவில் கோப்பித் தொழில் பழகி, 1837இல் இலங்கை வந்த ரொபர்ட் பொய்ட் டைட்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர்தான் இந்தப் பள்ளத்தாக்கில் கொக்கோவை முன்னின்று வளர்த்தவர்.

ஸ்கொட்லாந்தின் பெயர் மலையகம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல்மோரல், கிளாஸ்கோ, வேவர்லி, டன்கெல்ட், அபொட்ஸ்ஃபோர்ட் எல்லாம் தோட்டங்கள். நக்கிள்ஸின் விளிம்பில் இருக்கும் டீன்ஸ்டனும் ஸ்கொட்லாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர்தான். துரைமார் தங்கள் ஊரின் பெயரை மலைக்குச் சூட்டினார்கள். மலையை ஏறத்தக்கதாக்கியவர்கள் வேறு ஆட்கள்.

அந்த வேலையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தோட்டத்து வண்டிப் பாதை மலையை நேராக ஏறாது. சரிவைச் சுற்றிச் சுற்றி, மாட்டு வண்டி பாரத்தோடு இழுக்கக்கூடிய ஏற்றமாக மட்டும் போகும். இதனால்தான் இன்று பெக்கோ பாதையில் வயதானவர்களாலும் அதிகம் மூச்சிரைக்காமல் நடக்க முடிகிறது. பாதையின் உள்பக்கம் தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கும். வெளிப்பக்கம் சாந்தில்லாமல் கல்மேல் கல் அடுக்கிய கட்டு. மழைக்காலத்தில் கானில் மண் நிரம்பினால் தண்ணீர் பாதைக்கு வரும். பாதைக்கு வந்த தண்ணீர் கட்டைத் தள்ளும். கானை வாருகிற ஆள் இருக்கிறவரைதான் பாதை இருக்கும். நூற்றாண்டைத் தாண்டியும் இந்தப் பாதைகள் நிற்கின்றன என்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ அந்தக் கானை வாரியிருக்கிறார்கள்.

லூல்கந்துரவிலிருந்து மஹியாவைக்கு

பெக்கோவின் இரண்டாம் கட்டம் லூல்கந்துரவில் முடிகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட இடம். ஸ்கொட்லாந்தின் கின்கார்டின்ஷயரில் பிறந்து, 1852இல் பதின்ம வயதில் இங்கு வந்தவர். 1869இல் கோப்பி இலைகளில் துரு நோய் பற்றி, சில ஆண்டுகளில் கோப்பித் தொழிலே அழிந்தபோது, நாட்டைத் தாங்கியது அந்த 19 ஏக்கரில் தொடங்கிய பயிர்தான். அவர் அமர்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்த கல்லிருக்கையை இன்றும் நடப்பவர்கள் தேடிப் போய்ப் பார்க்கிறார்கள்.

நாற்பது ஆண்டுகள் அந்த மலையை விட்டு அவர் அதிகம் வெளியே போனதில்லை. கடைசியில் தோட்டத்தின் உரிமையாளர்கள் அவரைப் பதவி விலகச் சொன்னார்கள். அவர் போக மறுத்தார். அந்த இழுபறியின் நடுவிலேயே 1892 மே மாதம் வயிற்றுக்கடுப்பில் இறந்தார். உடலைக் கண்டி மஹியாவைக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும். 24 தொழிலாளர்கள் தூக்கினார்கள். 12 பேர் ஓர் அணி. நான்கு மைலுக்கு ஒரு முறை அணி மாற்றி, காலையில் புறப்பட்டுப் பின்னேரம் கண்டி வந்து சேர்ந்தார்கள். கங்காணிமாரும் தொழிலாளர்களும் ‘சாமி துரை’ போய்விட்டார் என்று அழுதபடி பின்னால் நடந்தார்கள்.

இன்றைய பெக்கோ பாதையின் முதல் இரண்டு கட்டங்களும் கண்டியையும் லூல்கந்துரவையும் இணைக்கின்றன. அதே மலைநாட்டுக்கு ஊடாக, எதிர்த் திசையில், தோளில் பெட்டியோடு ஒரு முறை நடந்தவர்கள் அந்த 24 பேர். டெய்லரின் பெயர் கல்லறையிலும் கல்லிருக்கையிலும் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. தூக்கியவர்களில் ஒருவரின் பெயரும் எங்கும் இல்லை.

பெயர் பதிந்த ஒருவரும், லூல்கந்துர அடங்கிய இந்த ஹேவாஹெட்டப் பக்கத்தில் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது பொலிஸ் சுட்டதில் இறந்த கோவிந்தன். மலையகத் தொழிற்சங்க வரலாற்றின் முதல் தியாகியாக மக்கள் நினைப்பது அவரைத்தான். பெக்கோ வட்டகொடையை நெருங்கும் பக்கத்தில் மடக்கும்பரைத் தோட்டம் இருக்கிறது. மலையகத்தின் துயரத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய, நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சி. வி. வேலுப்பிள்ளை 1914இல் அங்குதான் பிறந்தார். கல்லிருக்கைக்கு அம்புக்குறி போடும் நாட்டில், இந்த இரண்டு இடங்களுக்கும் அம்புக்குறி வேண்டும்.

ஒரே சட்டத்தில் இரண்டு உரிமை

துரைமாரின் ஊரில் இப்போது எப்படி நடக்கிறார்கள்?

ஸ்கொட்லாந்தின் முதல் நெடுந்தூர நடைபாதையான வெஸ்ட் ஹைலண்ட் வே 1980இல் திறந்தது. கிளாஸ்கோவுக்கு அருகில் தொடங்கி ஃபோர்ட் வில்லியம்வரை 154 கிலோமீற்றர். அதுவும் பழைய பாதைகளை இணைத்ததுதான். 18ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் குலங்களை அடக்கப் படை போட்ட தெருக்கள், மாடு ஓட்டிச் சென்ற தடங்கள், கைவிட்ட ரயில் வழிகள். அதே நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டிலும், ஆடு வளர்க்க வேண்டும் என்று நிலப்பிரபுக்கள் மலைநாட்டுக் குடிகளை ஊர் ஊராக வெளியேற்றினார்கள். அந்தக் குடிகள் போராடினார்கள். 1886இல், தங்கள் சிறு காணியிலிருந்து யாரும் கிளப்ப முடியாத உரிமையைச் சட்டம் அவர்களுக்குத் தந்தது.

2003இல் ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. அதன் முதல் பகுதி, பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் அநேகமாக எந்த நிலத்திலும் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், குதிரையேறலாம் என்கிறது. மோட்டார் வாகனத்துக்கு அனுமதியில்லை. வீட்டு முற்றத்துக்கும் பயிர் நிற்கும் வயலுக்கும் விலக்கு. இந்தப் பகுதியைப் பயணிகள் எல்லோரும் அறிவார்கள். இரண்டாம் பகுதியை அதிகம் பேர் சொல்வதில்லை: ஒரு கிராமத்து நிலம் விற்பனைக்கு வந்தால் அந்த ஊர்ச் சமூகம் முதலில் வாங்கலாம் என்ற உரிமை. மூன்றாம் பகுதி, சிறு காணிக் குடிகளின் சமூகத்துக்கு நிலத்தை வாங்கும் உரிமை தருகிறது. சட்டம் வருவதற்கு முன்பே, 1997இல், எய்க் என்ற சிறிய தீவின் மக்கள் தங்கள் தீவைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள்.

வந்து நடப்பவர்களின் உரிமையும் அங்கேயே வாழ்பவர்களின் உரிமையும் ஒரே சட்டப் புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. ஸ்கொட்லாந்துக்காரர்கள் தோட்டம் போட்ட நம் நாட்டில் முதல் பக்கத்தை மட்டும்தான் எழுதத் தொடங்கியிருக்கிறோம்.

பாதையோரம் இருப்பவர்கள்

காலை நேரத்தில் பெக்கோவில் நடப்பவர்கள் பெரட்டுக் களத்தைக் கடப்பார்கள். அதற்குள் கொழுந்துப் பெண்கள் மலைக்கு ஏறியிருப்பார்கள். இடுப்பில் படங்குச் சேலை, தலையில் கயிறு மாட்டித் தொங்கும் பை. மத்தியானம் நிறுவைக்கு இறங்கி, மறுபடி ஏறுவார்கள். நாட் சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது. 2024இல் 1,350 ஆனது. நிறுவை குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். தோட்டத்துக் கோயிலில் மாரியம்மன், மலையில் கொழுந்துச் சாமி, ஸ்டோரில் ரோதைமுனி. மாசியில் காமன் கூத்து. நடப்பவர்கள் படமெடுக்கும் பச்சைக் கம்பளத்துக்குள் இந்த வாழ்க்கை முழுவதும் இருக்கிறது.

வீடு? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, வரிசையாக லயம். 1948இல் பறித்த குடியுரிமை, 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் கூறுபோடப்பட்டு, 2003இல்தான் எஞ்சியவர்கள் எல்லோருக்கும் கிடைத்தது. காணியுரிமை இன்னும் பெரும்பாலானோருக்கு இல்லை. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பகுதி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது. இந்திய உதவியிலும் அரசுத் திட்டங்களிலும் தனிவீடுகள் எழுகின்றன. அவை எழுகிற வேகத்தைவிட லயங்கள் இடிகிற வேகம் அதிகம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலையையே சரித்துவிட்டது. சொந்தக் காணி இருப்பவர்கள் அங்கேயே திரும்பக் கட்ட நினைக்கலாம், வேறிடத்தில் வாங்கவும் நினைக்கலாம். லயத்துக் குடும்பத்துக்கு எதைச் செய்யவும் துரையின் அனுமதி வேண்டும்.

2023இல் மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு. அந்த ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டவர்கள், முன்னோர் நடந்த வழியே, 250 கிலோமீற்றர் அளவு நடந்து, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தார்கள். வழிநெடுக முஸ்லிம் ஊர்களும் சிங்கள ஊர்களும் தண்ணீர் கொடுத்து வரவேற்றன. அவர்கள் கேட்டவற்றில் முதன்மையானது காணியும் வீடும் சம உரிமையும்.

என் பார்வையில் தலைமன்னார் – மாத்தளை நடையும் பெக்கோவும் ஒரே பாதையின் இரண்டு பாதிகள். முதல் பாதி மக்களைக் கொண்டுவந்தது. இரண்டாம் பாதியை அந்த மக்கள் வெட்டினார்கள். இரண்டையும் மாத்தளை, வத்தேகம, பல்லேகல வழியாக இணைத்தால், மன்னார்க் கடலிலிருந்து நுவரெலியாவரை ஒரு நெடும்பாதை கிடைக்கும். அதில் நடப்பவர்களுக்கு அழகும் கிடைக்கும், உண்மையும் கிடைக்கும்.

தும்பறைப் பக்கம், சைக்கிளில்

பல்லேகல இந்த இணைப்புக்கு நடுவில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் தரை ஓரளவு சமமாக இருப்பதால் கண்டியைச் சுற்றிச் சைக்கிள் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. ‘குண்டசாலை அரசர்’ என்றே மக்கள் அழைத்த நரேந்திரசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் மாளிகை கட்டி வாழ்ந்த குண்டசாலை ஒரு பக்கம். திகன தாண்டினால், 1985இல் திறந்த 122 மீற்றர் உயர விக்டோரியா அணைக்கட்டு. அந்தத் தண்ணீருக்குள்தான் பழைய தெல்தெனிய நகரம் மூழ்கிக் கிடக்கிறது. கடும் வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கட்டடங்கள் வெளியே தெரியும். பிறந்த வீட்டைப் பார்க்கச் சனம் வரும். இடம்பெயர்ந்தவர்களின் கதை மலையில் மட்டுமில்லை, பள்ளத்தாக்கிலும் உண்டு.

கால் பலமானவர்களுக்கு மஹியங்கனை வீதி இருக்கிறது. ஹுன்னஸ்கிரிய ஏறி, உடதும்பறை கடந்து, புகழ்பெற்ற 18 வளைவில் இறங்கினால் குளிர்நாடு முடிந்து வெயில்நாடு தொடங்கும். ஹுன்னஸ்கிரியவில் இடப்பக்கம் திரும்பினால் கோர்பெட்ஸ் கணவாய், அதற்குக் கீழே மீமுறை. இது நக்கிள்ஸ் காடு, வனத் திணைக்களத்தின் காவலில் இருப்பது. 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. காட்டின் அடியில் ஏலம் பயிரிட்டதால் முன்பு பட்ட காயம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அனுமதிச் சீட்டும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது.

சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு வீதியோரம் மட்டும் ஒரு கவலை. கண்டி – மஹியங்கனை வீதியில் பஸ்களோடு போட்டி போட்டுத்தான் இன்று ஓட்ட வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளும் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களும் அதே வீதியோரத்தில்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார்கள். வீதியோரம் ஒதுக்கிய சைக்கிள் தடம், வெளிநாட்டுப் பயணிக்கு ஒரு நாள் பயன்படும், ஊர்க்காரருக்கு நாள்தோறும் பயன்படும்.

நடக்கப் போகிறவர்களுக்கு

ஜனவரி முதல் மார்ச்வரை கண்டிப் பக்கம் மழை குறைவு. ஹந்தானையில் வானம் நொடியில் மாறும். பனி மூடினால் வழி தெரியாது, இடியும் அதிகம். பின்னேரத்துக்கு முன் மலையை விட்டு இறங்கிவிடுங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் போதும். லயத்துப் பீலியில் மக்கள் குளிப்பார்கள், அங்கே படம் எடுக்காதீர்கள். வீட்டுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு இனிப்பும் காசும் நீட்டிப் பழக்காதீர்கள். அதே காசுக்கு அந்தத் தோட்டத்துக் கடையில் தேத்தண்ணியும் ரொட்டியும் வாங்குங்கள். வழிகாட்டியைத் தோட்டத்திலேயே தேடுங்கள். குறுக்கு எது, கான் எது, எந்த மலைக்கு மக்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

செய்ய வேண்டியது

பெக்கோ நல்ல பாதை. அதை வரவேற்கிறேன். தோட்டத்து இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போகாமல் பிறந்த மண்ணிலேயே பிழைக்க இது ஒரு வழி. அந்த வழி அகலமாக வேண்டும். பாதையோரப் பலகைகளில் தமிழும் இருக்க வேண்டும். தோட்டங்களுக்கு மக்கள் வழங்கும் தமிழ்ப் பெயர்கள் வரைபடத்தில் ஏற வேண்டும். வழிகாட்டிப் பயிற்சியில் தோட்டத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் முதலிடம் வேண்டும். பாதையைப் பராமரிக்கும் வேலைக்கு, கான் வாருகிறவர்களுக்கு, தனிச் சம்பளம் வேண்டும். புயலில் சிதைந்த பாதையைச் செப்பனிடும்போதே பக்கத்து லயத்தின் குடிநீரையும் மலசலகூடத்தையும் செப்பனிட வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது காணி. லயத்தில் ஒரு காம்பராவை ஒதுக்கிப் பயணிக்கு வாடகைக்கு விட, வாசலில் சின்னத் தேத்தண்ணிக் கடை போட, வங்கியில் கடன் கேட்க, எதற்கும் உறுதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாதவரை, பாதையில் வரும் பணம் பெரிய பங்களாக்களின் படலையில் நின்றுவிடும். லயத்து இஸ்தோப்புவரை வராது. காணி அரசுடையது. கம்பனிகளிடம் இருப்பது குத்தகை மட்டுமே. ஆகவே கொடுப்பதற்கு வேண்டியது அரசின் மனம்தான். ஸ்கொட்லாந்து தன் மலைக்குடிகளுக்கு 1886இல் தந்த காணிப் பாதுகாப்பை, அந்நாட்டவர் திறந்த தோட்டங்களில் ஏழெட்டுத் தலைமுறையாக உழைத்தவர்களுக்கு இலங்கை இன்னும் தரவில்லை. பாதையைத் திறந்த கையோடு உறுதிப்பத்திரத்தையும் எழுதட்டும்.